ஐந்தாம் அறைக்கு அழைத்த குரல்

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், மூன்று வாரமாக நான் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து என்னோடு நானே கதைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளவத்தையில் நான் வேலை செய்யும் கிளினிக்கில் நோயாளியின் இலக்கத்தையும் போகவேண்டிய அறையையும் ஸ்பீக்கரில் சொல்ல ஒரு புரோகிராம் பின்னணியில் ஓடும். டொக்டர் இன்று எந்த அறை என்பதைக் காலையில் கறுப்புத் திரையில் ஒரு கட்டளை அடித்து மாற்றுவது என் வேலை. நான் அடித்தது அந்தத் திரையோடு செத்துப்போகும், பின்னணியில் ஓடும் புரோகிராமுக்குக் கேட்கவே கேட்காது என்று ஐம்பத்திரண்டு வயதில்தான் விளங்கியது. அதற்குள் எத்தனை பேர் வெறும் அறையில் போய் நின்றார்கள்! டொக்டர் சொல்லிவிட்டார்: “இன்னொருக்கா பிழையா கூப்பிட்டா நீர் வீட்டை போகலாம்.”

பேய் பிசாசை நான் நம்பியதேயில்லை, என்னைவிட மோசமாக எந்தப் பேயும் கொம்பியூட்டரைக் குழப்பாது.

மறுநாள் காலை சரியான கட்டளையை அடித்து, முழுச் சிஸ்டத்துக்கும் அறை மூன்று என்று சொல்லி, புரோகிராமை நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன். எல்லாம் ஒழுங்கு. பதினொரு மணிக்கு, ஹோல் நிறையச் சனம், ஸ்பீக்கர் சொல்கிறது: “இலக்கம் பதினான்கு, அறை ஐந்து.”

ஐந்து பின்பக்கம், ரயில் பாதையோரம், உடைந்த கட்டில் போடும் அறை. மறுபடி மூன்று என்று அடித்தேன், மறுபடி ஓடவிட்டேன்.

“அறை ஐந்து.”

“தம்பி, ஐஞ்சில ஆர் இருக்கினம்?” பதினான்காம் இலக்க அன்ரி எழும்பிவிட்டார்.

“ஒருத்தரும் இல்லை அன்ரி, இருங்கோ.”

“அறை ஐந்து.”

அன்ரி நடக்கத் தொடங்கினார். வேலை போகப்போகிறதே என்று முந்திக்கொண்டு ஓடிக் கதவைத் திறந்தேன். தரையில், வாளிக்குப் பக்கத்தில், துப்புரவு செய்யும் ராணியக்கா சுருண்டு கிடந்தார். கை சில்லென்று இருந்தது. நான் கத்திய கத்தலில் டொக்டர் ஓடிவந்தார். இரத்தத்தில் சீனி இறங்கிவிட்டதாம், இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் ஆள் இல்லையாம்.

கண் திறந்ததும் ராணியக்கா சொன்னது: “எவ்வளவு கூப்பிட்டேன், கோச்சி ஓடுற சத்தத்துல ஒருத்தருக்கும் கேக்கல்ல.”

திரும்பி வந்தால் ஸ்பீக்கர் தன்பாட்டில் “அறை மூன்று” என்கிறது. நான் தொடவேயில்லை. நம்பினால் நம்புங்கள், கொம்பியூட்டரின் பதிவில் கூப்பிட்ட மூன்று தரமும் “மூன்று” என்றுதான் இருந்தது. ஹோல் முழுக்கக் கேட்ட அந்த ஐந்து அதில் எங்குமே இல்லை. இன்றைக்கும் கட்டளையை அடித்துவிட்டு ஒருதரம் போய் ஐந்தாம் அறையை எட்டிப்பார்த்துவிட்டுத்தான் தேத்தண்ணி குடிப்பேன்.

அன்று பின்னேரம் பயந்து பயந்து டொக்டரிடம் போனேன். “டொக்டர், சத்தியமா அதை நான் செய்யேல்லை.”

அவர் தலை நிமிராமலே சொன்னார்: “தெரியும். நீர் செய்திருந்தா அது வேலை செய்திருக்காது.”