இரண்டு வளையப் பின்

எங்கள் ஊரில் முதன்முதலாக இயற்பியலில் பட்டம் பெற்றவன் நான். உத்திரமேரூருக்கும் சாலவாக்கத்துக்கும் இடையில் எங்களுக்கு ஏரிப் பாசனத்தில் நிலம் இருந்தது. மனு எழுதவும் வங்கிக்குத் துணை வரவும் ஊரார் என்னைத்தான் அழைத்தார்கள். எங்கள் வீட்டுச் செய்தி எதுவும் வாசலைத் தாண்டியதில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் என் தம்பி துபாய்க்குப் போகும்வரை நிலைமை இதுதான்.

தம்பிக்குக் கடிதம் எழுத வராது. பேசிப் பதிவு செய்த கேசட்டை ஊர் திரும்புகிறவர்களிடம் கொடுத்தனுப்புவான். முதல் கேசட்டோடு ஒரு டேப்ரிகார்டரும் வந்தது. நாங்கள் நைனா என்று அழைக்கும் என் தந்தைக்கு இடது காது அறவே கேட்காது. வலது காதிலும் உரக்கச் சொன்னால்தான் விழும். ஆகவே முழுச் சத்தத்தில் வைத்தோம். "குடோன்ல மூட்ட தூக்குற வேல நைனா, முதுகு வுட்டுப் போவுது" என்று தம்பி அழுதது நைனாவுக்குக் கேட்டது. தெருவுக்கும் கேட்டது.

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் என்னை ஏரிக்கரையில் நிறுத்தினார்.

"இன்னா அண்ணே, தம்பி ஆபீசு வேலைல கீறார்னு சொன்னீங்களே. அந்த ஊர்ல ஆபீசுக்குள்ளாறவே மூட்ட தூக்குவாங்களா?"

கம்பெனி வேலை என்றுதான் சொல்லியிருந்தேன். ஆபீசு என்று நான் சொன்னதில்லை. அதை அவருக்கு எடுத்துரைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே போனார்.

நைனா அன்றே தடை விதித்தார். "வூட்டு சமாச்சாரம் தெருவுல ஓடிக்கினு கீது. இனிமே அந்தப் பொட்டிய எவனும் தொடக் கூடாது."

இதைத் தம்பிக்கு எழுதினேன். அடுத்து வந்தவரிடம் புதிய கேசட்டோடு ஒரு ஹெட்போனும் அனுப்பியிருந்தான். அதன் ஒயர் முனையில் இருந்த உலோகப் பின் டேப்ரிகார்டரின் துளையில் கச்சிதமாக நுழைந்தது. 'எல்' என்று குறித்த பக்கம் இடது காதிலும் 'ஆர்' வலது காதிலும் வரும்படி நானே முறையாக மாட்டிவிட்டேன். நைனா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பிறகு கழற்றினார்.

"பேசறானா?"

"கேசட்டு சுத்திக்கினு தான் கீது நைனா!" என்று கத்தினேன்.

"அப்போ இருந்த காதும் பூட்ச்சு."

ஹெட்போனைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தார். அதற்குப் பிறகு நாங்கள் உரக்கச் சொன்னதற்கும் அவர் முகம் திருப்பவில்லை. இளைய மகன் குரலை இனி இப்பிறவியில் கேட்கப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டார்.

நைனா தலையில் வைத்த பொருளை எங்கள் வீட்டில் பிள்ளைகள் அணிவதில்லை. அவர் துண்டை நான் தோளில்கூடப் போட்டதில்லை. ஆகவே ஹெட்போனில் குரல் வந்ததா என்று எவரும் சோதிக்கவில்லை. என் மனைவிதான் கேட்டாள்.

"காது பேஜாரா, மெஷினு பேஜாரான்னு யாரு பாத்தா? நீங்க ஒரு தபா மாட்டிப் பாருங்க."

"நைனா தலைல இருந்தத நான் மாட்டிக்கவா?"

"இன்னா, கிரீடமா அது? ஒயரு தானே. காலேஜு படிச்சவருக்கு இதுக்கு இம்மாம் பயம்."

நைனா கழனிக்குப் போயிருந்த நேரம் மாட்டினேன். தம்பியின் குரல் தெளிவாக வந்தது. ஆனால் இடது காதில் மட்டும்.

டேப்ரிகார்டரோடு வந்த ஒற்றைக் காதுக் கருவி ஒன்று, குமிழ் உடைந்து, பின்னும் ஒயருமாக டப்பாவில் கிடந்தது. இரு பின்களையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். பருமன் ஒன்றே. ஆனால் பழையதில் ஒரு கருப்பு வளையம், புதியதில் இரண்டு. ஒரு வளையம் உலோகத்தை இரண்டு துண்டாகப் பிரிக்கும். இரண்டு வளையம் மூன்றாக்கும். நுனி இடது காதுக்கு, நடு வலது காதுக்கு, அடி இரண்டுக்கும் பொது. எங்கள் டேப்ரிகார்டரின் துளையோ இரண்டு துண்டுப் பின்னுக்காகச் செய்யப்பட்டது. நடுத்துண்டுக்கென்று அதில் தனித் தொடுப்பு இல்லை. ஆகவே நைனாவின் கேளாத காதுக்குக் குரல் போயிருக்கிறது. கேட்கும் காதுக்குப் போகவில்லை.

திருப்பி மாட்டினால் போதும் என்றாள் மனைவி. ஆனால் நைனா இன்னும் ஒரு முறைதான் சம்மதிப்பார். அந்த ஒரு முறையில் எந்தப் பக்கமும் தவறக் கூடாது. காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறினேன்.

ரேடியோ பழுது பார்க்கும் கடைக்காரர் கத்தரியை எடுத்தார். "இந்தப் பின்ன கட் பண்ணிட்டு ஒத்த வளையப் பின்னு வெச்சிடலாம் சார்."

தம்பி அனுப்பியதை வெட்ட நான் சம்மதிக்கவில்லை. நாளை ஸ்டீரியோ டேப்ரிகார்டர் வாங்கினால் இதே பின்தான் வேண்டும். பருமனான பின்னாக மாற்றும் அடாப்டர் ஒன்றைக் காட்டினார். அது ஆம்ப்ளிஃபயருக்கு ஆகும், எங்களுக்கு ஆகாது. நான் தாளில் வரைந்து கொடுத்தேன்: ஒரு சாண் ஒயர், ஒரு முனையில் ஒரு வளையப் பின், மறுமுனையில் ஹெட்போனைச் செருக மூன்று தொடுப்புள்ள சாக்கெட், அதில் இடது, வலது இரண்டையும் சேர்த்துப் பின்னின் நுனியோடு பற்றவைப்பது.

"இப்டி வரைஞ்சு குடுத்தா பாலாத்துல பாலமே கட்டிடுவேன் சார்" என்றபடி ஈயத்தை உருக்கினார்.

மாலையில் நைனாவிடம் ஹெட்போனை நீட்டினேன். "இதான் கடைசி. அப்புறம் என்ன இம்சை பண்ணாதே" என்று தலையைக் கொடுத்தார். பொத்தானை அழுத்தினேன்.

முதலில் அவர் விரல்கள் அசைந்தன. பிறகு வாய் திறந்தது. காதை மூடிக்கொண்டு பேசுகிறவருக்குத் தம் குரலின் அளவு தெரியாதல்லவா?

"டேய்! முதுகு வலி கொறஞ்சிச்சா? மூட்டைய குனிஞ்சு தூக்காதேடா! இன்னாது, தையில வரியா? நெசமாவா?"

தெரு முழுவதும் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேல் தலை நீட்டினார். "பெரியவரு யாராண்ட பேசிக்கினு கீறாரு?"

"தம்பியாண்ட" என்றேன். நைனாவை நான் தடுக்கவில்லை. கேசட் முடிந்ததும் "திருப்பிப் போடு" என்றார்.

துபாய் மெஷின் என் தந்தையின் செவிட்டைக் குணமாக்கியது என்று ஊரில் இன்றும் சொல்கிறார்கள். அது தவறு. அவருடைய இடது காது கடைசிவரை கேட்கவில்லை.