மச்சான் மாற்றிய பிரேக்

லிஃப்ட் பழுது பார்க்கிறவன் யாரையும் நம்பக்கூடாது என்பது அவருடைய தொழில் வேதம். மாடியில் இருக்கும் மோட்டார் அறைக்குள் நுழைந்தால், போன முறை வந்தவன் 'எல்லாம் சரி' என்று அட்டையில் கையெழுத்துப் போட்டுத் தொங்கவிட்டிருப்பான். அவர் அதை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். டார்ச்சை எடுத்து முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு 'சந்தேகம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அப்பேர்ப்பட்ட மனுஷன், மச்சான் கொடுத்த பழைய மோட்டார் சைக்கிளுக்கு என்ன சர்வீஸ் செய்வது என்று தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

மச்சான் என்றால் மனைவியின் ஒரே தம்பி. புது வண்டி வாங்கிய கையோடு பழையதைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். "மாமா, இதுல நீங்க பார்க்க ஒண்ணுமே இல்ல. செயின் புதுசு, பின் பிரேக் புதுசு. எல்லாம் நானே மாத்திட்டேன். பெட்ரோலைப் போட்டு ஓட்ட வேண்டியதுதான்" என்றான். சாவியை மட்டும் அக்காவின் கையில் கொடுத்தான்.

"எந்தக் கடையில வாங்கி மாத்தின?" என்ற கேள்வி அவருடைய வாய் வரைக்கும் வந்தது. மனைவி பார்த்த பார்வையில் அப்படியே தொண்டைக்குள் இறங்கிவிட்டது.

அந்தப் பார்வைக்கு ஒரு கதை உண்டு. குடிவந்த புதிதில் மச்சான் கூடத்தில் ஃபேன் மாட்டிக் கொடுத்தான். அவன் ஸ்டூலை விட்டு இறங்கியதும் இவர் ஏறி, அவன் கண்ணெதிரிலேயே திருகுகளைத் திருகிப் பார்த்தார். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன. மச்சான் சாப்பிடாமல் கிளம்பிப் போய்விட்டான். மனைவி பேச்சை நிறுத்தினாள். அந்த வீட்டில் ஃபேன் சத்தம் அவ்வளவு தெளிவாகக் கேட்டது அந்த நாட்களில்தான்.

எதற்கும் கேட்டுவைப்போம் என்று தெருமுனை மெக்கானிக்கிடம் போனார். அந்த ஆள் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. "இன்ஜினை இறக்கிடலாம் சார்."

"ஸ்டார்ட் பண்ணிக்கூடப் பார்க்கலையே?"

"பழைய வண்டி சார். என்னைக்கா இருந்தாலும் இறக்கித்தானே ஆகணும்?"

வீட்டுக்கு வந்து சொன்னால், மனைவி காய் நறுக்கிக்கொண்டே, "என் தம்பி கண்ணாட்டம் வெச்சிருந்த வண்டி. அதைப் போய் எதுக்குக் குடையறீங்க?" என்றாள். ஒருத்தருக்கு எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். ஒருத்திக்கு எதையும் தொடக்கூடாது. வண்டியோ வாயைத் திறக்காது. அவருக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். மச்சான் பேர் சொல்லாததை எல்லாம் பார்த்துவிடுவது. இன்ஜின் ஆயிலை மாற்றினார். காற்று ஃபில்டரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் புதிது போட்டார். பிளக்கைக் கழற்றிச் சுத்தம் செய்தார். முன் பிரேக்கை இழுத்துச் சரிசெய்தார், டயருக்குக் காற்று அடித்தார். மச்சான் பேர் சொன்ன இரண்டையும் மட்டும் விட்டுவிட்டார். செயின் அதன் கவருக்குள் மூடிக் கிடந்தது. பின் பிரேக் சக்கரத்துக்குள் கிடந்தது. வேலையிடத்தில் ஒருத்தன் இப்படிச் செய்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பார்.

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் பள்ளிக்கூடத்துச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். பின்னால் மனைவி, நடுவில் மகள். முன்னால் போன வேன் சட்டென்று நின்றது. அவர் பின் பிரேக்கை மிதித்தார். மிதி கீழே போனது, வண்டியும் தன்பாட்டுக்குப் போனது. முன் பிரேக்கையும் பிடித்து, காலையும் ஊன்றியதில், வேனுக்கு ஒரு சாண் பின்னால் வந்து நின்றார்கள். செருப்பு வார் அறுந்துவிட்டது. மகள் சிரித்தாள்.

"கொஞ்சம் மெதுவா வரக்கூடாதா?" என்றாள் மனைவி.

அவருக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பதில் சொன்னால் தம்பி வருவான், ஃபேன் வரும். பல்லைக் கடித்துக்கொண்டு அறுந்த செருப்போடு ஓட்டினார்.

மறுநாள் மனைவி வேலைக்குப் போனதும் லீவு சொல்லிவிட்டு, படிக்கட்டுக்கு அடியில் வண்டியைத் திருட்டு வண்டி மாதிரி ஒளித்து நிறுத்திச் சக்கரத்தைக் கழற்றினார். லிஃப்ட் மோட்டாரிலும் பிரேக் ஷூதான். தேய்ந்தது எது, புதியது எது என்று அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். இதில் சக்கரத்தை உரசிப் பிடிக்கிற லைனிங் என்று ஒன்று இருந்ததற்கு அடையாளம்தான் மிச்சம் இருந்தது. "புதுசாம் புதுசு!" என்று சக்கரத்தைப் பார்த்துத் திட்டினார். புது ஷூ வாங்கிவந்து மாட்டினார். செயின் கவரைத் திறப்பதற்குள் மனைவி வரும் நேரம் ஆகிவிட்டது. பழையதைத் துணியில் சுற்றித் தன் வேலைப் பையின் அடியில் போட்டுக்கொண்டார். குற்றம் செய்தவன் எங்கேயோ இருக்க, தடயத்தை மறைக்கிற வேலை இவர் தலையில்.

அடுத்த நாள் அதே சரிவில் வண்டி மிதித்த இடத்தில் நின்றது.

"பார்த்தீங்களா! மெதுவா வந்தா எப்படி நிக்குது. தம்பி மாத்தின பிரேக்னா சும்மாவா?" என்றாள் மனைவி. அவர் ஹாரனை அடித்தார். முன்னால் யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தான். வந்ததும் பழைய வண்டியைத் தடவிக் கொடுத்தான். "ஆசையா இருக்கு மாமா, ஒரு ரவுண்டு போயிட்டு வரேன்."

வேண்டாம் என்று சொல்ல இவர் வாயெடுப்பதற்குள் போய்விட்டான். தெருக்கோடியில் கிறீச்சென்று ஒரு சத்தம். பழைய பழக்கத்தில் அடி வரைக்கும் அழுத்தி மிதித்திருக்கிறான். வண்டியைத் தள்ளிக்கொண்டே திரும்பி வந்தான். முகத்தில் ரத்தம் இல்லை.

"மாமா... பின் பிரேக்..."

"நீதானே மாத்தின?"

அவன் ஹேண்டில்பாரையே பார்த்துக்கொண்டு நின்றான். "மாத்தணும்னுதான் இருந்தேன் மாமா. அக்கா கேட்டப்போ மாத்திட்டேன்னு சொல்லிட்டேன். அப்புறம் எப்படி..."

"பின்னாடி உட்கார்றது உன் அக்காடா. நடுவுல பாப்பா." உரக்கத் திட்டத்தான் நினைத்திருந்தார். பாதிதான் வெளியே வந்தது.

மச்சானின் கண் கலங்கியது. அந்த நேரம் பார்த்து மனைவி காபி டம்ளர்களோடு வாசலுக்கு வந்தாள். "ரெண்டு பேரும் அப்படி என்ன ரகசியம் பேசறீங்க?"

"ஒண்ணுமில்ல" என்றார்கள் இருவரும் ஒரே மூச்சில்.

"எப்படி இருக்கு உன் வண்டி? மாமா நல்லா வெச்சிருக்காரா?"

"நல்லா வெச்சிருக்கார்க்கா."

"பின்ன, எல்லாம் நீ மாத்திக் கொடுத்ததாச்சே" என்று பூரித்துப்போய், டம்ளர்களைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

அவர் ஒரு மடக்குக் குடித்தார். உள்ளே பாத்திரச் சத்தம் கேட்கும்வரை மச்சான் காத்திருந்தான்.

"மாமா."

"இன்னும் என்ன?"

"செயினையும் ஒரு தடவை பார்த்துடுங்க."