நூற்று நாற்பத்தேழாவது பாடம்

மூன்று வயதில் மூளைக்காய்ச்சலிடமிருந்து உயிரை வென்றாள். பார்வையை மட்டும் அது எடுத்துக்கொண்டு போனது. ஆறு வயதில் விடுதிப் பள்ளியில் ஓர் இடம். "இந்தக் குழந்தை அழுதுகொண்டே இருக்கும், கூட்டிப் போய்விடுங்கள்" என்று சொன்ன காப்பாளரிடம், ஒரு வாரம் அழாமல் இருந்து காட்டி வாங்கிய இடம் அது. இருபத்தொன்றில் வரலாற்றுப் பட்டம். இருபத்தைந்தில் அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. அந்த வேலை கொல்லிமலைக்கு மேலே என்றதும் குறுக்கே நின்ற எங்கள் அப்பாவிடம் சம்மதம். கடைசியாக, சென்ற ஆண்டு ஏப்ரலில், கைப்பேசிக்கு ஒரு பாட்டுச் செயலி. இவற்றில் எது கடினமாக இருந்தது என்று கேட்டால் என் தங்கை தாரணி யோசிக்காமல் கடைசியைத்தான் சொல்வாள்.

அப்பா வெங்கிடுசாமி அன்று சொன்னது இது: "மலைக்கா? எழுவது கொண்டை ஊசி வளைவு. பள்ளத்தப் பாத்தா எனக்கே தல சுத்துது கண்ணு."

"எனக்குத்தான் பள்ளம் தெரியாதுங்களே. அந்தப் பயமெல்லாம் உங்குளுதுங்கப்பா" என்றாள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மரவள்ளிக் காட்டுக்குப் போய்விட்டார். எங்களுக்குக் காளப்பநாயக்கன்பட்டி. மலை எங்கள் வாசலிலிருந்தே தெரியும். நான்கூட அதுவரை ஆறேழு முறைதான் மேலே போயிருந்தேன்.

மேலே குடியிருப்பில் அவளோடு தங்கியிருப்பவர் ரோஸ்லின். திண்டுக்கல் பக்கத்துக்காரர், சுகாதார நிலையத்தில் செவிலியர். காலையில் எழுந்ததும் தாரணி இடக் காதில் மட்டும் இயர்போனைச் செருகிக்கொள்வாள். "வலது காது ரோட்டுக்கு" என்பாள். கைப்பேசி கழுத்தில் தொங்கும் துணிப்பையில். கோல் வலக் கையில். அலுவலகத்துக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு எட்டு. மழை நாளில் அறுநூற்று நாற்பது. சாலையோரம் காய்வது மிளகா, காப்பிக்கொட்டையா என்று மூக்காலேயே சொல்லிவிட்டுப் போவாள். யாராவது கையைப் பிடித்து நடத்த வந்தால், "நீங்க முன்னால போங்க, செருப்புச் சத்தம் போதும்" என்பாள்.

பத்து மணிக்கு வருகைப் பதிவேடு வரும். மற்றவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். இவளுக்கு மட்டும் மைப்பெட்டி திறக்கும். அவள் படித்ததெல்லாம் விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்து. நாம் பேனாவால் எழுதும் எழுத்தின் வடிவம் அவளுக்குத் தெரியாது. பெருவிரலை மையில் ஒற்றிப் பதிவேட்டில் அழுத்துவாள். பிறகு அந்த விரலைக் காதுக்கு மேலே தலைமுடியில் துடைத்துக்கொள்வாள். அப்பாவும் பால் சொசைட்டியில் அப்படித்தான் துடைத்துக்கொள்வார். அவளுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. பார்த்துக் கற்றிருக்க முடியாது.

வேலை நிலைப்பதற்குத் துறைத் தேர்வில் தேற வேண்டும். முதல் முறை நான்கு மதிப்பெண்ணில் தவறிவிட்டாள். மிச்சமிருந்தது ஒரே ஒரு வாய்ப்பு, 2025 ஜூனில். தவறினால் மூட்டை கட்டிக்கொண்டு கீழே வர வேண்டியதுதான். விதிப்புத்தகமோ அச்சில்தான் கிடைத்தது. கைப்பேசியில் நேரடியாக ஏதாவது கேட்கலாம் என்றால், மலையில் சிக்னல் அலுவலகத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியருகில் மட்டும். அதுவும் மேகம் இறங்காத நாளில். அதனால் ஜனவரியில் ஒருநாள் புத்தகத்தை என் மடியில் வைத்தாள்.

"நீங்க படிங்கண்ணா. நான் கேட்டுக்கறேன்."

நான் ஒன்பதாவது வரை படித்தவன். அந்தப் புத்தகத்தில் ஒரு வாக்கியம் அரைப் பக்கம் போனது. மோட்டார் ரூமில் உட்கார்ந்து, ஒரு விதியை மூன்று முறை மனதுக்குள் படித்துவிட்டு, நான்காவது முறை வாய்விட்டுப் படித்துப் பதிவு செய்தேன். மொத்தம் நூற்று நாற்பத்தாறு பாடம். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக எண் கொடுத்து, சரிபார்த்து, மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்தேன்.

கேட்டுவிட்டு அவள் சொன்ன முதல் விமர்சனம்: "சொசைட்டில பேரு கூப்புடற மாதிரி படிக்கறீங்க. ஒவ்வொரு விதியும் 'வந்துட்டேனுங்க'ன்னு எந்திரிச்சு நிக்கும்போல இருக்குது."

பிறகுதான் அவற்றை ஓடவிடச் செயலி வேட்டை. திரையில் விரல் படும் இடத்தில் என்ன இருக்கிறது என்று அவளுடைய கைப்பேசி வாய்விட்டுச் சொல்லும். ஆனால் செயலியைச் செய்தவர் பொத்தானுக்குப் பெயர் வைத்திருந்தால்தான் அது சொல்ல முடியும். கைப்பேசியோடு வந்த செயலி, எங்கே தொட்டாலும் "பொத்தான், பொத்தான்" என்றது. அதற்கு 'ஊமை' என்று பெயர் வைத்து அழித்தாள். இரண்டாவது, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டும்போதெல்லாம் சிக்னலைப் பிடித்து விளம்பரத்தை அலறவிட்டது; அது 'சந்தைக்கடை'. மூன்றாவது, நிறுத்திய இடத்தை மறந்து ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஆரம்பித்தது, 'மறதிக்காரன்'.

நான்காவதை நம்பி ஒரு சனிக்கிழமை பேருந்து ஏறினாள். கைப்பேசியைக் குலுக்கினால் அடுத்த பாட்டுக்குப் போகும் வசதி அதில் இருந்தது யாருக்கும் தெரியாது. சோளக்காடு தாண்டி வளைவுகள் தொடங்கியதும், பேருந்து திரும்பும்போதெல்லாம் பாடமும் திரும்பியது. எங்கள் ஊரில் இறங்கியதும் என்னிடம், "எழுவது வளைவுக்கு எழுவது பாடம் முடிச்சுட்டேனுங்கண்ணா. நாளைக்கே பரீட்சை வெக்கச் சொல்லுங்க" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கோலை மடித்த வேகத்தில் கோபம் தெரிந்தது.

ஐந்தாவதுக்கு 'நல்லவன்' என்று பெயர். எல்லாப் பொத்தானுக்கும் பெயர் சொன்னது. நிறுத்திய இடத்தை நினைவில் வைத்திருந்தது. விளம்பரம் இல்லை, குலுக்கல் இல்லை. மூன்று வாரம் அதில்தான் படித்தாள். பேருந்தில் போகும் நேரம் வீணாகிறது என்று ஊருக்கு வருவதைக்கூட நிறுத்திவிட்டாள். ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை நானே கடலைக்காய் வறுத்து எடுத்துக்கொண்டு மேலே போனேன்.

"எத்தனை பாடம் ஆச்சு கண்ணு?"

"இருவத்தஞ்சு ஆச்சுங்க. ஒண்ணு முடிச்சு, பத்து முடிச்சு, நூறு முடிச்சு, நூத்தி ஒண்ணு..."

நான் கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். நல்லவன், எண்ணின் முதல் இலக்கத்தை மட்டும் பார்த்து அடுக்கியிருந்தான். ஒன்று, பத்து, நூறு, நூற்று ஒன்று. இரண்டாவது பாடம் எங்கே என்று எண்ணிக்கொண்டே போனேன். ஐம்பத்தொன்பதாவது இடத்தில் இருந்தது.

"ஏங்கண்ணு, விதி தலகீழாப் போகுதேன்னு உனக்குத் தோணலையா?"

"கவர்மென்ட் சட்டம்னா முன்னுக்குப் பின்னாத்தான் போவும்னு நெனச்சேனுங்கண்ணா. நீங்க வேற அத்தன உறுதியாப் படிக்கறீங்க."

ரோஸ்லின் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கடலைக்காய் சிதறியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தேர்வுக்கு எட்டு வாரம்தான் இருந்தது. "எண்ணுக்கு முன்னால சைபர் போட்டா வரிசையா வந்துரும். நான் உக்காந்து மாத்தித் தர்றேன்" என்றேன்.

தாரணி கையை நீட்டிக் கைப்பேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "உங்க நம்பர்ல தப்பு இல்லீங்க. ஒண்ணுக்கப்புறம் ரெண்டுன்னு தெரியாதவன நாம எதுக்கு வெச்சுக்கோணும்?" நல்லவன் அந்த நிமிடமே போனான்.

மேகம் விலகியிருந்ததால் மூவரும் தண்ணீர்த் தொட்டிக்குப் போனோம். ரோஸ்லின் செயலியை இறக்க, இவள் கேள்வி கேட்டாள். வரிசை சரியா? வேகம் கூட்டலாமா? பொத்தானுக்குப் பேர் உண்டா? ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுமா?

"மாப்பிள்ளை பாக்குறதுக்குக்கூட இத்தனை கேள்வி கேக்க மாட்டாங்கடி" என்றார் ரோஸ்லின்.

"மாப்பிள்ளை பேசறத நிறுத்தப் பொத்தான் இருக்குதா? இதுல இருக்கோணும்."

ஆறாவது வேகம் கூட்டினால் கீச்சிட்டது. ஏழாவதை ஞாயிற்றுக்கிழமை காலை தோசை ஊற்றும்போது ஆரம்பித்து, துணி துவைத்து, காயப்போட்டு, மாலைவரை ஓடவிட்டாள். நடுவில் வேண்டுமென்றே பத்து முறை நிறுத்தினாள். பத்து முறையும் விட்ட சொல்லிலிருந்து தொடர்ந்தது. ஒன்றுக்குப் பிறகு இரண்டு வந்தது. "ரெண்டு மடங்கு வேகத்துல நீங்க கோவமாப் பேசற மாதிரி இருக்குதுங்கண்ணா. அப்பத்தான் மனசுல நிக்குது" என்றாள். அதற்கு 'குமாஸ்தா' என்று பெயர் வைத்தாள். அதுதான் இன்றைக்கும் இருக்கிறது. அன்று மலையிறங்கும்போது ஒரு வளைவில்கூட எனக்குத் தலை சுற்றவில்லை.

நான் மலையிறங்கப் புறப்படும் முன் கூப்பிட்டு ஒன்று கேட்டாள். "இன்னொரு பாடம் படிச்சுத் தரோணும். எம் பேரு."

"பேருல படிக்க என்ன கண்ணு இருக்குது?"

"எழுத்தாப் படிக்காதீங்க. கோடாப் படிங்க. எங்க ஏறோணும், எங்க எறங்கோணும், எங்க திரும்போணும்னு. தேறிட்டன்னா கைநாட்டு வெக்க மாட்டேன். தேறற வரைக்கும் யாருகிட்டயும் சொல்ல வேண்டாமுங்க."

அந்தப் பாடத்துக்கு எனக்கு நான்கு நாள் ஆனது. கண்ணை மூடிக்கொண்டு, சொல்லச் சொல்ல எழுதிப் பார்த்துத்தான் பதிவு செய்தேன். 'த' முடிந்து துணைக்காலுக்கு வந்ததும் இப்படிப் போகும்: "இப்ப ஏறு. மேல வலப்பக்கம் போ. இறங்கு. நில். அடுத்ததும் இதே மாதிரி. ஆனா கீழ இடப்பக்கமா சின்ன வால்." மொத்தப் பாடமும் ஐம்பது நொடி. அப்பாவின் முழங்கால் எக்ஸ்ரே படத்தை எடுத்து, நடுவில் பெயர் அளவுக்கு நீளமாக வெட்டி ஜன்னல் மாதிரி செய்தேன். அதைத் தாளின்மேல் வைத்துக்கொண்டால் பேனா கோடு தாண்டாது. நூற்று நாற்பத்தேழு என்று எண் கொடுத்து அனுப்பினேன்.

குமாஸ்தா அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். "உங்க அண்ணன் 'இப்ப ஏறு'ன்னா எனக்கு ஊசி போடுற கையே ஏறுதுடி" என்று ரோஸ்லின் புலம்பினாராம். இவள் 'ணி'யில் மூன்று சுழிக்குப் பதில் ஐந்து சுழி போட்ட தாள்களை எனக்குக் கொடுத்தனுப்பினாள். நான் திருத்தி அனுப்பினேன். அலுவலகத்தில் மட்டும் தினமும் மைப்பெட்டிதான்.

ஜூனில் நாமக்கல்லில் தேர்வு. அவள் சொல்லச் சொல்ல எழுத ஒரு பெண்ணை ஏற்பாடு செய்திருந்தார்கள். நான் வெளியே வேப்பமரத்தடியில் மூன்று மணி நேரம் நின்றேன். உட்காரத் தோன்றவில்லை. வெளியே வந்தவள் என் செருப்புச் சத்தம் கேட்டதும் சொன்னாள்: "மயில் வந்துச்சுங்கண்ணா!"

எனக்குப் புரியவில்லை. ஈட்டிய விடுப்பு பற்றிய விதியை நான் படிக்கும்போது மோட்டார் ரூமுக்கு வெளியே மயில் கத்தியிருக்கிறது. நான் கவனிக்கவே இல்லை. அவள் விதிகளை அந்தச் சத்தங்களோடு சேர்த்து அடுக்கி வைத்திருந்தாள். "அம்மா 'டேய் பூபதி, சோறு ஆறுது'ன்னு கூப்டுச்சே, அது பயணப்படி. அதும் வந்துச்சு. லாரி ஆரன் மட்டுந்தான் வரல."

எங்கள் அம்மா பொன்னாத்தாள் இதைக் கேட்டுவிட்டு, "நாஞ்சொன்னதும் சட்டத்துல வந்துருச்சா?" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார்.

செப்டம்பரில் முடிவு வந்தது. தேர்ச்சி. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வாசலில் நின்று மலையைப் பார்த்தார். அடுத்த வாரம் தாரணி தண்ணீர்த் தொட்டியிலிருந்து கூப்பிட்டாள். "நாளைக்கு மேல வாங்கண்ணா. எக்ஸ்ரே படத்துல ஒரு ஓரம் கிழிஞ்சுருச்சு. புதுசு வெட்டி எடுத்துட்டு வாங்க."

மறுநாள் அலுவலகத்தில் கண்காணிப்பாளர் நவநீதகிருஷ்ணன் பணிப்பதிவேட்டைத் திறந்து, தேர்ச்சி பெற்ற விவரத்தை எழுதி, அவள் பக்கம் நகர்த்தினார். பழக்கத்தில் மைப்பெட்டியின் மூடியையும் திறந்தார்.

"அது வேண்டாமுங்க சார். பேனா குடுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் கதவோரம் நின்றிருந்தேன். தாரணி பையிலிருந்து எக்ஸ்ரே ஜன்னலை எடுத்தாள். "எந்த எடமுங்க?" என்று கேட்டு, அவர் காட்டிய இடத்தில் விரலால் அளந்து வைத்தாள். காதில் இயர்போன் இல்லை. உதடு மட்டும் அசைந்தது. பேனா ஏறியது, வலப்பக்கம் போனது, இறங்கியது, நின்றது. அந்தச் சின்ன வால். மூன்று சுழி, மூன்றேதான். நவநீதகிருஷ்ணன் மைப்பெட்டியைச் சத்தமில்லாமல் மூடினார்.

பேனாவைக் கீழே வைத்தாள். வைத்ததும், மை படாத பெருவிரலைக் காதுக்கு மேலே தலைமுடியில் ஒருமுறை துடைத்துக்கொண்டாள். நவநீதகிருஷ்ணன் அவள் கையெழுத்துக்குக் கீழே தேதி போட்டார்: 24.09.2025.