இட்லி மாவும் ஏழு பண்டிகையும்

கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகளுக்குப் போகிற ரோட்டு மேலேயே எங்கள் ஒற்றை ரூம் வீடு. காலையில் வாசலில் இட்லி விற்பேன். புதன்கிழமை சாயந்திரம் அதே ரூமில் பைபிள் கிளாஸ். ரோலிங் மில்லில் கிரேன் ஓட்டுகிற பிரதர் ஒருவர் நடத்துவார். அவர் மாட்டிய துணிப்படம் சுவரிலேயே தொங்கும். அதில் ஏழு கட்டம், மோசே காலத்துப் பண்டிகைகள் ஏழும்.

"பஸ்கா அன்னிக்கு சிலுவை. புளிப்பில்லா அப்பப் பண்டிகையில கல்லறை. முதற்பலன்ல உயிர்த்தெழுந்தாரு, பெந்தெகொஸ்தேல ஆவியானவர் வந்தாரு. நாலும் நாள் தப்பாம நடந்துச்சு சிஸ்டர். எக்காளம், பாவநிவர்த்தி, கூடாரம், மூணுதான் பாக்கி. அதுவும் அப்படியே நடக்கும்," என்பார்.

எக்காளம் ஊதி இயேசு தம்முடையவர்களை எடுத்துக்கொள்ளும்போது என்னை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டால்?

அந்த வருஷம் பஸ்கா சமயத்தில் சொன்னார்: "புளிப்புன்னா பாவம். புளிப்பில்லா அப்பப் பண்டிகை ஏழு நாளும் ஊட்ல புளிச்ச மாவே இருக்கக்கூடாது."

அத்தனை பேரும் திரும்பி மூலையைப் பார்த்தார்கள். வெயிலுக்கு என் இட்லி மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி நின்றது.

"அது கோதுமைக்குத்தானே பிரதர்? அரிசி உளுந்துக்குமா?"

"பைபிள்ல இட்லி ஏது சிஸ்டர். புளிப்புன்னா புளிப்புதான்."

அண்டாவைத் தூக்கிப்போய்ப் பக்கத்து வீட்டு பாய் சம்சாரத்திடம் கொடுத்தேன். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏன்க்கா, உங்க ஊட்ல இருந்தா பாவம், எங்க ஊட்ல இருந்தா தோசையா?" என்றார்.

மறுநாள் சப்பாத்தி போட்டேன். "இன்னாக்கா, இது மில்லுல தட்டின தகடா?" என்று சாப்பிட வந்தவர்கள் சிரித்தார்கள். ஆரம்பாக்கத்திலிருந்து முதல் ரயிலில் வருகிற லோடுமேன் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு வயிற்றில் புண். காலையில் இட்லி தவிர வேறு எதுவும் ஒத்துக்கொள்ளாது. "பரவால்லக்கா, ஒரு வாரம்தானே," என்று தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். இரண்டாம் நாளும் அதே. மூன்றாம் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அன்று மத்தியானம் லேவியராகமத்தை எடுத்து நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். பெந்தெகொஸ்தேவுக்குக் கொண்டுவரச் சொன்ன இரண்டு அப்பமும் புளிப்பு சேர்த்தது. திரும்பவும் படித்தேன். அப்படித்தான் இருந்தது.

ஷிப்ட் முடிந்து போய்க்கொண்டிருந்த பிரதரை ரோட்டிலேயே நிறுத்தி அந்த வசனத்தைக் காட்டினேன்.

"ரெண்டு அப்பம்னா யூதரும் புறஜாதியும் சேர்ந்த சபை சிஸ்டர். நாம பாவிங்கதானே, அதான் புளிப்பு."

"புளிப்போடவே ஏத்துக்கினாரா?"

"ஏத்துக்கினாரு."

"அப்போ அம்பது நாள் முன்னாடி பஸ்காவுல மட்டும் ஏன் ஆவல?"

ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "பாஸ்டர்கிட்ட கேட்டுச் சொல்றேன்." இன்றுவரை சொல்லவில்லை.

நான் அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டு அரைத்தேன். மாவை வைக்க அந்தப் படத்துக்குக் கீழேதான் இடம். இரண்டாவது கட்டத்துக்கு, புளிப்பில்லா அப்பத்துக்குக் கீழே வைத்தேன். மனசு கேட்காமல் நாலாவதுக்கு, பெந்தெகொஸ்தேவுக்குக் கீழே நகர்த்தினேன்.

காலையில் லோடுமேன் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தார். "உங்க ஏழு நாளு முடிஞ்சிடுச்சாக்கா?"

அவர் தட்டில் இன்னொரு இட்லி வைத்தேன்.