சிங்க்கில் சொன்ன கனவு

கட்டுக்கதை என்று நினைத்து உட்காராதீர்கள், கண்ணுகளா. நடந்தது. யாருக்கு நடந்ததோ அவளே என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னது. கடைசியில் ஒரு சட்டை வரும். அதை இந்த விரல்களால் நானே தொட்டுப் பார்த்தேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நான் சொல்லும்போது யாரும் ‘ம்’ கொட்டாதீர்கள். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

தையல் கம்பெனியில் அவளைப் பட்டனக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மெஷின் தவறவிட்ட பட்டன்களைக் கையால் வைப்பது அவள் வேலை. நாலு துளைப் பட்டனில் எல்லோரும் பெருக்கல் குறி போட்டுத் தைப்பார்கள். இவள் மட்டும் ஒரு துளையிலிருந்து மற்ற மூன்றுக்கும் நூலை விரிப்பாள். காக்கைக் கால் பதிந்த மாதிரி இருக்கும். “அது என் கையெழுத்து” என்பாள்.

அவள் புருஷன் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். நல்ல மனுஷன். குடி கிடையாது, கோபம் கிடையாது. காதும் கிடையாது. செவிடு என்று நினைத்துவிடாதீர்கள்! எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் முனகினாலும் வாசலில் நின்றே கண்டுபிடித்துவிடுவார். பெண்டாட்டி பேச்சு மட்டும் எட்டாது. காலையில் இவள் வாயைத் திறந்தால், “சாயங்காலம் சொல்லு.” சாயங்காலம் வாயைத் திறந்தால் குறட்டை. பதினாறு வருஷமாக இதே பாட்டு.

ஒரு செவ்வாய்க்கிழமை. விடியற்காலை.

கனவில் ஆழமான ஒரு குழி. நாலு பக்கமும் சிமெண்டுச் சுவர், அடியில் தண்ணீர். அதில் ஒருவர் மல்லாந்து கிடக்கிறார். மார்பு வரைக்கும் வெளிச்சம், அதற்கு மேல் இருட்டு. முகம் தெரியவில்லை. ஆனால் சட்டை தெரிந்தது. லிஃப்ட் கம்பெனியில் அவள் புருஷனுக்குக் கொடுத்த நீலச் சட்டை. மேலிருந்து இரண்டாவது பட்டன் மட்டும் பழுப்பு. போன வருஷம் நீலப் பட்டன் கிடைக்காமல், சிவப்பு நூலில் இவளே தைத்தது. காக்கைக் கால்.

விழித்தாள். சுவர்க் கடிகாரத்தில் 4.42.

“என்னங்க... என்னங்க! நீங்க செத்துக் கிடக்கற மாதிரி கனவு.”

“சாயங்காலம் சொல்லு” என்று புரண்டு படுத்தார்.

இதற்குச் சிரிப்பீர்கள். அன்றைக்கு அவளும் சிரித்தாள். மறுநாள் அதே 4.42, அதே குழி, அதே பட்டன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

மாமியாருக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் ஒரே உற்சாகம்.

“அடிப் பைத்தியமே, நல்ல கனவுடி! கனவுல செத்தவங்களுக்கு ஆயுசு கூடும். என் மாமனாரை நான் மூணு தடவை கனவுல சாகடிச்சேன். தொண்ணூத்திரெண்டு வரைக்கும் இருந்து என் உயிரை வாங்கினாரு.”

கம்பெனியில் கட்டிங் மாஸ்டரிடம் சொன்னாள். நாலு புத்தகம் படித்த மனுஷன். துணி வெட்டிக்கொண்டிருந்த கத்திரி நின்றது.

“எத்தனை மணிக்கு வந்துச்சு?”

“நாலு நாப்பத்திரெண்டு.”

“ராத்திரிக்கு நாலு ஜாமம்மா. முதல் ஜாமத்துக் கனவு பலிக்க ஒரு வருஷமாகும். கடைசி ஜாமத்துல கண்டா... பத்து நாள்.”

“ஆயுசு கூடும்னு சொல்றாங்களே, மாஸ்டர்?”

“அதுவும் உண்டு.”

“ரெண்டும் எப்படி உண்டு?”

“உண்டுன்னா உண்டு. காஜா எடுத்த பீஸெல்லாம் எங்க?”

வேலை விட்டதும் கோயிலுக்குப் போய்க் குருக்களைப் பிடித்தாள். அவர் பாதி கேட்டதுமே சிரித்துவிட்டார்.

“உயிருக்குச் சாவு ஏதும்மா? பழைய சட்டையைக் கழட்டிட்டுப் புதுச் சட்டை போட்டுக்கற மாதிரிதான். கவலைப்படாதே.”

“சாமி, நான் சட்டைக் கம்பெனியில வேலை பாக்கறவ. ஒரு நாளைக்கு ஆயிரம் சட்டை பாக்கறேன். எனக்கு அந்த ஒரே ஒரு சட்டை வேணும். உள்ள இருக்கற ஆளோட சேர்த்து வேணும்.”

“உள்ள இருக்கறதுதான் அழியாதே!” என்றபடி மணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எல்லோரும் அர்த்தம் சொன்னார்கள், செல்லங்களா. கேட்டவர்தான் யாரும் இல்லை. நாள் என்னவோ ஓடிக்கொண்டிருந்தது. பத்தில் இரண்டு போய்விட்டது.

இரவு மறுபடி மாமியாருக்குப் போன். இந்தத் தடவை இவள் அழுதுவிட்டாள். அந்த அம்மாவுக்கும் குரல் இறங்கியது. “சரிடி, அழாதே. ஓடுற தண்ணிகிட்ட கனவைச் சொல்லிடு. தண்ணியோட போயிடும். எழுந்ததும் முதல் வேலையா சொல்லு. அதுக்கு முன்னாடி வேற யார்கிட்டயும் வாயைத் திறக்காதே.”

ஆற்றுக்கு எங்கே போவாள்? தரைத்தளத்தில் இரண்டு அறை வாடகை வீடு. குளியலறை புருஷன் தலைமாட்டில். ஆகவே மூன்றாம் நாள் விடியலில் சமையலறைக்குப் போனாள். சிங்க்கில் குழாயைத் திறந்துவிட்டாள். குனிந்து, தண்ணீர் இறங்கும் ஓட்டையில் வாயை வைக்காத குறையாகக் கனவைச் சொன்னாள். குழி, தண்ணீர், சட்டை, பட்டன். ஒன்று விடாமல்.

மனசு லேசாகிவிட்டது. பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு விஷயத்தை முழுசாகச் சொல்லி முடித்திருந்தாள்.

நாலாம் நாள். 4.50. குழாய் ஓடுகிறது. பாதி சொல்லியிருப்பாள்.

“ம்.”

பைப்பில் காற்று அடைத்திருக்கும் என்று நினைத்தாள்.

ஐந்தாம் நாள். அவள் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில், சரியாக அந்த இடத்தில்...

“ம்.”

கதை கேட்கிறவர்கள் கொட்டுவார்களே, அந்த ‘ம்’. ஆண் குரலா பெண் குரலா என்று சொல்ல முடியாத, ஈரமான ‘ம்’.

“சிங்க் பேசுதுங்க” என்று அன்றைக்குப் புருஷனிடம் சொன்னாள். “அடைப்பா இருக்கும். சாயங்காலம் பாக்கறேன்” என்று பூட்ஸை மாட்டினார். பார்க்கவில்லை.

ஆறாம் நாள் சோதித்துப் பார்க்க நினைத்தாள். பாதிக் கனவில் பேச்சை நிறுத்தினாள். குழாயையும் மூடினாள். வீடே அமைதி. அறையில் அவர் குறட்டை மட்டும். பத்து விநாடி... இருபது விநாடி...

“அப்புறம்?”

கேட்டது ஓட்டைக்குள்ளிருந்து.

அந்த நிமிஷம் நீங்களாக இருந்தால் ஓடியிருப்பீர்கள். நானும் ஓடியிருப்பேன். அவள் ஓடவில்லை. ஏன் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: “அப்புறம்னு என்னை யாருமே கேட்டதில்லைக்கா.”

மீதிக் கனவையும் சொன்னாள். ஏழாம் நாள் கனவோடு நிறுத்தவில்லை. முழங்கால் வலி, சூப்பர்வைசர் சொன்ன சொல், புருஷன் கேட்காத அத்தனை கதை. எட்டாம் நாள் அவரைப் பற்றியே சொன்னாள். எத்தனை மணிக்குக் கிளம்புவார், எந்தக் கட்டடத்தில் வேலை, லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் எந்தப் பக்கமாக இறங்குவார். எல்லாவற்றுக்கும் ‘ம்’. எல்லாவற்றுக்கும் ‘அப்புறம்?’

அன்றைக்கு வேலை முடிந்து வந்ததும் ஒரு காரியம் செய்தாள். அந்த நீலச் சட்டையை மடித்துத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள். சட்டை இல்லாவிட்டால் கனவு எப்படிப் பலிக்கும்?

ஒன்பதாம் நாள். 4.50.

“சட்டை எங்க?” என்று கேட்டது.

‘ம்’ இல்லை. ‘அப்புறம்’ இல்லை. கேள்வி.

பழக்கதோஷம். வாய் முந்திக்கொண்டது. “பெட்டியில பூட்டி வெச்சிருக்கேன்.”

“ம்.”

பத்தாம் நாள் கனவே வரவில்லை. விழிப்பு மட்டும் வந்தது. 4.42. அவள் சிங்க் பக்கமே போகவில்லை. புருஷன் கிளம்பும்போது வாசலில் குறுக்கே நின்றாள்.

“இன்னைக்கு ஒரு நாள் போகாதீங்க. கெஞ்சிக் கேக்கறேன்.”

“பன்னெண்டு மாடி. வயசானவங்க எல்லாம் படியேறிட்டிருக்காங்க. வழியை விடு. என் நீலச் சட்டை எங்க?”

“தோய்க்கப் போட்டிருக்கேன். ஒரே ஒரு நிமிஷம் நான் சொல்றதை...”

“சாயங்காலம் சொல்லு.”

வெள்ளைச் சட்டையில் போனார்.

அன்றைக்கு அவள் பட்டன் வைத்த லட்சணத்தைக் கட்டிங் மாஸ்டர் இன்னும் சொல்லிச் சிரிப்பார். கண் கடிகாரத்தில், ஊசி விரலில். ஐந்து மணிக்கு வீடு வந்தாள். ஐந்தரை. ஆறு.

6.10. கதவு தட்டும் சத்தம்.

ஓடிப்போய்த் திறந்தாள். நிற்கிறார். வெள்ளைச் சட்டை. முழுசாக, உயிரோடு! கட்டிக்கொண்டு அழுதாள். தன்னிடம் சாவி இருந்தும் அவர் ஏன் தட்டினார் என்று அப்போது தோன்றவில்லை. உடம்பு ஏன் இத்தனை குளிர்ச்சி என்றும் தோன்றவில்லை.

நேராகச் சமையலறைக்குப் போனார். சிங்க்குக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“சொல்லு.”

சொன்னாள். பத்து நாள் பயத்தையும் கொட்டினாள். அவர் கண் அசையாமல் கேட்டார். “ம்” என்றார். அவளுக்கு ஆனந்தக் கண்ணீர். மூக்கை உறிஞ்ச நிறுத்தினாள்.

“அப்புறம்?”

கண்ணைத் துடைத்த கை அப்படியே நின்றது.

அதே குரல்.

அன்று இரவு குறட்டை இல்லை. அதற்குப் பிறகும் இல்லை. தினமும் சாயங்காலம் வருவார், உட்காருவார், “சொல்லு” என்பார். அவர் எழுந்த இடத்தில் தரை ஈரமாக இருக்கும். வேலைக்குத்தான் போகிறார் என்று இவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு நாள் கழித்து ஒரு போன். அவரோடு வேலை செய்கிற வெல்டர்.

“என்ன தங்கச்சி, மச்சானுக்கு இப்ப எப்படி இருக்கு? அன்னையிலேர்ந்து வேலைக்கே வரலையே.”

“எப்படி இருக்குன்னா? அவருக்கு என்ன?”

“அப்ப உன்கிட்ட சொல்லலையா? மச்சான் குழிக்குள்ள இருக்கும்போதே லிஃப்ட் இறங்கிடுச்சும்மா. நாங்க கத்தறோம், உள்ளேருந்து பதிலே இல்ல. பத்து நிமிஷம். முடிஞ்சுதுன்னே நினைச்சோம். அப்புறம் தானா ஏறி வந்தாரு. ஒரு கீறல் கிடையாது. ஆனா நனைஞ்சிருந்தாரு. குழியில சொட்டுத் தண்ணி இல்ல, தங்கச்சி.”

“எத்தனை மணிக்கு?”

“வேலை முடிக்கற நேரம். நாலே முக்கால் இருக்கும்... இல்ல, கொஞ்சம் முன்னாடி.”

அந்த வாரமே சிங்க்கில் நாற்றம். வீட்டு ஓனர் பிளம்பரை அனுப்பினார். பைப்பைத் தொடர்ந்து தரையைத் தட்டிக்கொண்டே போன பிளம்பர், சமையலறை நடுவில் நின்றுவிட்டார். அடியில் வெற்றிடம். சிமெண்டு பூசி மூடிய பழைய கழிவுநீர்த் தொட்டி. வீட்டின் மற்ற பைப் எல்லாம் தெருச் சாக்கடைக்குப் போயின. சிங்க் பைப்பை மட்டும் மாற்ற மறந்திருந்தார்கள்.

“இது ஓடுற தண்ணியே இல்லக்கா” என்றார் பிளம்பர். “இருபது வருஷமா நிக்கற தண்ணி. கசிஞ்சு கசிஞ்சுதான் குறையும். நீங்க ஊத்தினது எதுவும் எங்கயும் போகல.”



சிமெண்டு மூடியைப் பெயர்த்துக் கம்பியை விட்டுத் துழாவினார். ஏதோ மாட்டியது. மேலே இழுத்தார்.

சட்டை.

நிறம் போய், தொட்டால் பிய்கிற அளவுக்கு ஊறிப்போன சட்டை. இரண்டாவது பட்டன் பழுப்பு. சிவப்பு நூல். காக்கைக் கால்.

கழுத்திலிருந்து அடிவரை எல்லாப் பட்டனும் போட்டபடியே இருந்தது. உள்ளே இருந்தவர் கழற்றாமலே நழுவிப் போன மாதிரி.

தகரப் பெட்டிக்கு ஓடினாள். பூட்டு பூட்டியபடி. திறந்தாள்.

காலி. அடியில் இரண்டு விரல் தண்ணீர்.

“தொட்டியை மணல் போட்டு மூடிடுங்க.” பின்னால் குரல். புருஷன் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் விடியல். 4.42. படுக்கையில் பக்கத்தில் அவர், கண்ணை மூடாமல். இவள் எழுந்தாள். சிங்க்கில் குனிந்தாள். குழாயைத் திறக்கவில்லை.

“என்னங்க...” என்று ஓட்டைக்குள் கூப்பிட்டாள். “என்னங்க... உள்ள இருக்கீங்களா?”

அமைதி.

பிறகு... ரொம்ப ஆழத்தில்... தூக்கக் கலக்கத்தோடு, சலிப்போடு, பதினாறு வருஷம் கேட்டுக் கேட்டு அவள் வெறுத்த அந்தக் குரல்.

“சாயங்காலம் சொல்லு.”

பத்து மணிக்கு மணல் வந்தது. அவள் தொட்டி மேல் விழுந்து தடுத்தாள். கத்தினாள். உள்ளே ஆள் இருக்கிறது என்றாள். ஓனர், பிளம்பர், மணல்காரர்கள், ஒருத்தரும் கேட்கவில்லை.

புருஷன் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் கத்தி முடிக்கும் வரை, கடைசி வார்த்தை வரை, பொறுமையாக ‘ம்’ கொட்டிக்கொண்டிருந்தார்.