என் நாத்தனாரை டிவியில் பிடித்து வைத்த கதை

என் நாத்தனாருக்கு வேலை தரை துடைப்பது. முகத்தைச் சுளிக்காதீர்கள், முழுக்கக் கேளுங்கள். பெரிய அரங்கில் பேட்மிண்டன் ஆடுகிறவர்களின் வியர்வை தரையில் சொட்டினால், நடுவர் கை காட்டிய உடனே இவள் மாப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓட வேண்டும். துடைத்துவிட்டு வெளியே ஓடிவர வேண்டும். கண்ணை மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிய வேண்டும். துளி ஈரம் தங்கினாலும் ஆடுகிறவன் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொள்வான்.

பத்தொன்பது வருஷமாக ஓடுகிறாள். வயது ஐம்பத்து மூன்று, உடம்பும் கொஞ்சம் கனம். "உருட்டிவிட்ட பீப்பா மாதிரி ஓடுவா" என்று அவள் புருஷன் சொல்வார். அவர் பார்த்ததே இல்லை. நானும் பார்த்ததில்லை, எங்கள் டிவியில் விளையாட்டுச் சேனல் வராது. அவளே தன்னைப் பார்த்ததில்லை, டிவியில் ஆட்டம் ஓடும்போது அவள் அரங்கில் அல்லவா இருக்கிறாள்! பக்கத்து வீட்டுக்காரி மட்டும் தன் பழைய டிவியில் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து, "நீலமா ஒரு கறை குறுக்க ஓடுச்சே, அது நீதானாடி?" என்று கேட்டாள். தன் நீலச் சீருடையைக் கறை என்று சொன்னது இவளுக்குத் தைத்துவிட்டது.

அந்த வருஷம் பெரிய போட்டி ஒன்று எங்கள் ஊர் அரங்குக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டத்துக்கு இவள் பெயரைப் போட்டார்கள். படம் பளிச்சென்று தெரிகிற எச்டி சேனலில் நேரடியாக வருமாம்.

"அண்ணி, இந்தத் தடவ என் மூஞ்சிய நானே பாத்தாகணும். பதிஞ்சு வைக்க முடியுமான்னு கேப்போம், வாங்க" என்று டிவி ரிப்பேர்க் கடைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

கடைக்காரர் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். "கத வேணாம்ப்பா. என்னென்ன வழி, எவ்வளவு ஆகும், அத மட்டும் சொல்லு" என்றேன்.

"உள்ளயே ஹார்ட் டிஸ்க் வச்ச பெரிய செட்டாப் பாக்ஸ் வருதும்மா. ஒரு சேனல பாத்துக்கிட்டே இன்னொண்ண பதியலாம்."

விலையைச் சொன்னார். இவளுடைய அரை மாதச் சம்பளம். அதற்கு மேல் மாதா மாதம் தனிக் கட்டணம் வேறு.

"மாசா மாசமா? நா என்ன மாசா மாசமா ஃபைனல்ல ஓடுறேனா?" என்றாள் இவள்.

"அப்ப பாக்ஸுக்கும் டிவிக்கும் நடுவுல ஒரு சின்ன டப்பாவ மாட்டி, கம்ப்யூட்டர்ல பதியலாம். கம்ப்யூட்டர் நீங்க வாங்கணும். ஆனா படம் வெளிய போகாதபடி பல பாக்ஸ்ல பூட்டு போட்டுருப்பான். பூட்டு இருந்தா வெறும் கருப்பாத்தான் வரும்."

"கருப்பு பாக்குறதுக்கு காசு எதுக்கு? டிவிய அணைச்சா சும்மாவே தெரியுமே" என்றேன்.

அலமாரியிலிருந்து தூசி படிந்த ரெக்கார்டர் ஒன்றை எடுத்தார். "இது பழசு. டிவிடி தட்டு போட்டு பதியலாம். ரெண்டு நாள் கூலிக்கு தர்றேன். எச்டி மட்டும் வராது, மங்கலாத்தான் இருக்கும்."

"மறுபடியும் கறையா?" இவள் முகம் தொங்கிப்போனது.

கடைசியில்தான் மனிதர் உருப்படியாக ஒன்று சொன்னார். நாங்கள் மூவரும் ஒன்றாக இருக்கிற எங்கள் வீட்டு பாக்ஸின் பின்னால் பென் டிரைவ் சொருக இடம் இருக்கிறதாம். பதிகிற வசதியைத் திறந்துவிட பாக்ஸ் கம்பெனிக்கு ஒரே ஒரு தடவை பணம் கட்ட வேண்டும். பெரிய பென் டிரைவ் ஒன்று வாங்க வேண்டும். விளையாட்டுச் சேனலை எச்டியில் ஒரு மாதத்துக்கு எடுக்க வேண்டும். மூன்றும் சேர்த்து நாலு நாள் சம்பளம்.

"ஆனா ஒண்ணும்மா, உங்க பாக்ஸ்ல பதிஞ்சது உங்க பாக்ஸ்ல மட்டும்தான் ஓடும். வேற எதுல சொருகினாலும் வராது. அப்புறம், முடியிற நேரத்துக்கு மேல ரெண்டு மணி நேரம் சேத்து வைங்க. ஆட்டம் இழுத்துச்சுன்னா பாதியில நின்னுரும்."

வீட்டுக்கு வந்ததும் அவள் புருஷன் தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். அவர் தையல்காரர், நக்கலுக்குக் குறைச்சலே கிடையாது.

"நாலு நாள் சம்பளத்த குடுத்து நீ தர தொடைக்கிறத பாக்கணுமா? இங்கயே தொடை, நா சும்மாவே பாக்குறேன்."

"இங்க தொடைக்கும்போது மட்டும் என்னிக்கு பாத்தீங்க? கால தூக்குங்கன்னாக்கூட தூக்கமாட்டீங்க!"

வியாழக்கிழமை சோதித்துப் பார்க்க, மத்தியானச் செய்தியைப் பதியச் சொல்லி நேரம் குறித்துவிட்டு மூவரும் வெளியே போனோம். வந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை.

"நீங்கதான் ரிமோட்ட நோண்டியிருப்பீங்க" என்று இவள் புருஷன் மேல் பாய்ந்தாள்.

"நா அதத் தொட்டனா? அக்கா, நீங்களே சொல்லுங்க!" என்று அவர் என்னைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டார்.

கடைக்காரருக்குப் போன் போட்டோம். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "செவத்துல இருக்கிற சுவிட்ச் போட்டிருந்துச்சா?"

இவள் சுவிட்சைத் திரும்பிப் பார்த்தாள். வீட்டை விட்டுக் கிளம்பினால் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு, மறுபடி திரும்பி வந்து தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போவாள். ஒரு விளக்கு எரிந்தால் அவளுக்கு வயிறு எரியும். கரண்டே இல்லாமல் பாக்ஸ் எதைப் பதியும்?

ஞாயிற்றுக்கிழமை சுவிட்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டினோம். அப்படியும் வாசல் வரை போய்விட்டு இரண்டு தடவை திரும்பி வந்தாள்.

"போடி! நீ போகலன்னா டிவியில யாரு ஓடுவா, நானா?" என்று விரட்டினேன்.

"நா வர்றவரைக்கும் ரெண்டு பேரும் டிவிய போடக் கூடாது. மொதல்ல நாந்தான் பாப்பேன்" என்று சத்தியம் வாங்கிக்கொண்டு போனாள். மூன்று மணிக்கு பாக்ஸில், பதிகிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு வந்தது. தையல்காரர் இருப்புக்கொள்ளாமல் ஐந்து தடவை எட்டிப் பார்த்தார். நக்கல் பேசிய ஆளுக்கு வந்த கவலையைப் பாருங்கள்!

சாயங்காலம் வந்தவள் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. போட்டோம். படம் கண்ணாடி மாதிரி இருந்தது, ஆடுகிறவள் காதில் கிடந்த கம்மல்கூடத் தெரிந்தது. ஆனால் என் நாத்தனாரைக் காணோம். இவள் ஓடுகிற நேரம் பார்த்து, அடித்த அடியையே திரும்பக் காட்டுகிறான், இல்லை விளம்பரம் போடுகிறான். முதல் செட்டில் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. இவள் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"விடு, நாங்களா பாக்கல? தெனம் பாக்குறோமே" என்றார் தையல்காரர். குரலில் நக்கலே இல்லை.

மூன்றாவது செட்டில் ஒருத்தி இறகுப்பந்துக்குப் பாய்ந்து குப்புற விழுந்தாள். எழுந்து அங்கேயே உட்கார்ந்து ஷூ கயிறு கட்டினாள். கேமரா அவளை விட்டு நகரவில்லை. இந்தப் பக்கமிருந்து என் நாத்தனார் வந்தாள்.

பீப்பாயாவது ஒன்றாவது! என்னமாய் ஓடினாள் தெரியுமா? மாப்பை ஒரே இழுப்பாக இழுத்தாள். பிறகு மண்டியிட்டு, கன்னம் தரையில் படுகிற மாதிரி சாய்ந்து, விளக்கு வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தாள். எங்கோ ஒரு துளி மினுங்கியிருக்க வேண்டும். துண்டால் அதை ஒற்றி எடுத்தாள். விழுந்த பெண் இவளைப் பார்த்துத் தலையசைத்தாள். இவளும் பதிலுக்கு, ஏதோ அரங்கமே தன்னுடையது என்கிற மாதிரி, தலையை ஆட்டிவிட்டுப் போனாள். மூக்குத்தி தெரிந்தது. நெற்றி வியர்வை தெரிந்தது.

"அந்தக் குனிஞ்சு பாக்குறது எதுக்கு?" என்றார் தையல்காரர்.

"நேரா பாத்தா ஈரம் தெரியாதுங்க. சாஞ்சு பாத்தாத்தான் மினுங்கும்."

அவர் ரிமோட்டை எடுத்து அந்த இடத்தைத் திரும்பப் போட்டார். ஒன்பது தடவை போட்டார்.

மறுநாள் அரங்கில் துடைக்கிற பெண்கள் எல்லோரும் பார்க்க வேண்டும் என்றார்கள். பென் டிரைவை மட்டும் கொண்டுபோனால் ஓடாதே. தையல்காரர் மெஷினை மூடிவைத்துவிட்டு, பாக்ஸையே ஒயரோடு கழற்றிப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். நானும் போனேன். ஓய்வறை டிவியில் மாட்டினார்கள். படம் வந்தது, விசில் பறந்தது.

களத்தின் அந்தப் பக்கமிருந்து மாப்போடு ஓடிவருகிறவள் ஒருத்தி, எல்லோரும் ஒட்டகம் என்று கூப்பிடுகிற நெட்டச்சி. அவளுக்கு மட்டும் வந்ததே கோபம்.

"இது என்னடி அநியாயம்? கழுத்து வரைக்கும்தான் நா படத்துல இருக்கேன்! தலை எங்கடி?"

"தலை அடுத்த சேனல்ல வந்துருக்கும்" என்றேன்.

"சிரிக்காதீங்க பெரியம்மா. அடுத்த மாசம் ஜூனியர் ஆட்டம் வருது, அதையும் பதியணும். அண்ணே, பென் டிரைவுல எடம் இருக்கா?"

"இருக்கும்மா" என்றார் தையல்காரர். "ஆனா நீ கொஞ்சம் குனிஞ்சு ஓடு."