வெண்டைப் பாத்தியில் நெரிசல்

கண்டக்டர் வேலையில் இருந்த காலம் முழுக்க, படியில் ஒருவர் கால் வைக்கும்போதே விசில் கொடுத்து வண்டியைக் கிளப்பியவர். அக்கம்பக்கத்தில் பாதிப் பேருக்கு அவர்மேல் பழைய கோபம் உண்டு. அவருக்கும் மனிதர்கள் என்றாலே சலிப்பு. ஓய்வு பெற்றதும், குடியிருப்புக்குப் பின்னால் செங்கல் உடைசல் கிடந்த மாநகராட்சி இடத்தைத் தனியாளாகக் கொத்தி, வெண்டையும் தக்காளியும் போட்டார். செடிகள் சில்லறை கேட்பதில்லை. அதுவே அவருக்குப் பெரிய நிம்மதி.

அந்த நிம்மதியில் மண் விழுந்தது. அங்கே கார் நிறுத்தம் வரப்போகிறதாம். தப்ப ஒரே வழி, பலர் சேர்ந்து வளர்க்கும் சமூகத் தோட்டங்களுக்கு மாநகராட்சி கொடுக்கும் சிறு மானியம். மானியம் வாங்கிய தோட்டத்தில் யாரும் கை வைக்க முடியாது. ஆனால் அதற்கு ஒரு சமூகம் வேண்டும். அதிகாரி நேரில் வந்து பார்ப்பார்.

“சமூகத்துக்கு நான் எங்க போறது?” என்றார் மனைவியிடம்.

“எத்தனை பேரை ஏத்தாம விட்டுட்டு வந்திருக்கீங்க? அவங்களைப் போய் ஏத்திக்கிட்டு வாங்க.”

வீடு வீடாக ஏறி இறங்கினார். தையல்கார அம்மா கதவைப் பாதிதான் திறந்தாள்.

“அண்ணே, என் ஒத்தைச் செருப்பு உங்க பஸ்ஸோட போச்சு. இன்னும் வந்து சேரல.”

“வெண்டைக்கா தர்றேன், வாம்மா.”

“செருப்புக்கு வெண்டைக்காயா?” என்று முணுமுணுத்தாலும், ஆய்வு நாளன்று பெரிய பையோடு நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். சலூன்காரர், லிஃப்ட் மெக்கானிக், இன்னும் சிலர் வந்தார்கள். அதிகாரி தோட்டத்து வாசலில் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு, வருகிற தலைகளை எண்ண உட்கார்ந்தார். வந்தவர்கள் வாசலிலேயே கும்பலாக நின்று அவரை வேடிக்கை பார்த்தார்கள்.

கண்டக்டருக்கு ஆயுளில் பொறுக்காத காட்சி ஒன்று உண்டென்றால் அது இதுதான். தன்னை மறந்தார்.

“ஏன் படியிலயே நிக்கிறீங்க? உள்ள போங்க, உள்ள போங்க! நடுவுல காலியாத்தானே கிடக்கு!”

படி என்று அங்கே எதுவும் இல்லை. ஆனாலும் அத்தனை பேரும் சட்டென்று உள்ளே நகர்ந்தார்கள். பின்சுவரில் ஒரு சந்து இருந்தது. “இறங்குறவங்க பின்னாடி! ஏறுறவங்க முன்னாடி!” பின்னால் இறங்கியவர்கள், தருவதாகச் சொன்ன வெண்டைக்காய் முன்வாசலில்தான் கிடைக்கும் என்பதால், சுற்றிவந்து மறுபடி ஏறினார்கள். தெருவில் போனவர்களும் வரிசையைப் பார்த்ததும் எதற்கென்று கேட்காமலே சேர்ந்துகொண்டார்கள். தலைகளை எண்ணி எண்ணி வாய் உலர்ந்துபோன அதிகாரி, உள்ளே என்னதான் நடக்கிறது என்று எழுந்து வந்தார்.

“சார், வழியில நிக்காதீங்க. அடுத்தது தக்காளி. இறங்கணும்னா இப்பவே நகருங்க.”

அதிகாரி நகர்ந்தார். நகர்த்தப்பட்டார். ஒரு செடியையும் பார்க்காமல் பின்சந்து வழியாக வெளியே வந்து விழுந்தார்.

சில நாள் கழித்து அதிகாரியே தேடி வந்து, தெருவிலேயே நின்று பேசினார். “இது சின்னத் தோட்டங்களுக்கான மானியம், ஐயா. உங்க கூட்டத்துக்கு எங்க நிதி தாங்காது. இங்க இவ்வளவு கூட்டம் வருதுன்னு போக்குவரத்துப் பிரிவுக்குச் சொல்லிட்டேன்.”

போக்குவரத்துப் பிரிவு மட்டும் என்றுமில்லாத வேகத்தில் வந்து, தோட்டத்து வாசலில் பஸ் நிறுத்தக் கம்பத்தை நட்டது. பஸ் நிற்கிற இடத்தில் கார் நிறுத்தத்துக்கு வாசல் வைக்கக் கூடாது என்பது விதி. கார் நிறுத்தம் வேறு தெருவுக்குப் போய்விட்டது. மானியம் வரவில்லை, தோட்டம் தப்பியது.

முதல் பஸ்ஸில் ஏறியது அவர் மனைவிதான்.

“சோறு மூடி வெச்சிருக்கேன். அக்கா வீட்டுக்குப் போறேன். உங்க சமூகத்தை நீங்களே பாத்துக்கங்க.”

பஸ் போன பிறகும் உட்கார இடம் தேடி ஆட்கள் உள்ளே வந்தபடி இருந்தார்கள். ஒரு குடும்பமே தக்காளி வரப்பில் வரிசையாக உட்கார்ந்திருந்தது.

“அங்க உக்காராதீங்க, செடி இருக்கு” என்று கெஞ்சினார்.

அவர்களும் மரியாதையாக எழுந்து, கொஞ்சம் தள்ளி, கத்தரி நாற்றின்மேல் உட்கார்ந்தார்கள்.